சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸை விட எடையைப் பாருங்கள்

கையில் எடுத்துப்போகிற மாதிரி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று ஆன்லைன் கடையைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது வாட்ஸ் கணக்குதான். 5 வாட்ஸ், 10 வாட்ஸ், 16 வாட்ஸ், 30 வாட்ஸ் என்று வரிசையாக இருக்கும். விலையும் ஏறக்குறைய அதே வரிசையில் ஏறும். இரண்டு மாடலுக்கு நடுவில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பெட்டியில் அச்சாகும் எண்களிலேயே ஒப்பிட்டுப் பார்க்க மிகக் குறைவாக உதவுவது இதுதான் என்பது என் திடமான எண்ணம். யாரும் கண்டுகொள்ளாமல் கடைசி வரியில் கிடக்கும் எடையும் அளவும் இதைவிட எவ்வளவோ சொல்லும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜேபிஎல் ஃப்ளிப் 6 என்பது 2021-ல் வந்த, இன்றும் பலரும் அளவுகோலாக வைத்துப் பேசும் ஸ்பீக்கர். அதில் தாழ்ந்த ஒலி தரும் ஊஃபருக்கு 20 வாட்ஸ், உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கு 10 வாட்ஸ், ஆக மொத்தம் 30. உள்ளே 4800 எம்ஏஎச் பேட்டரி. மின்னழுத்தத்தோடு பெருக்கினால் சுமார் 17 வாட்-மணி. முழு சார்ஜில் 12 மணி நேரம் பாடும் என்கிறது கம்பெனி. 17-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றரை வாட்ஸ்கூட வராது. அதற்குள்தான் ப்ளூடூத் சிப், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சாப்பிட்டுவிட்டு மிச்சம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். அதே பேட்டரியிலிருந்து 30 வாட்ஸை விடாமல் இழுத்தால் 34 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கம்பெனி ஏமாற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாட்டு என்பது ஒரே சீராக ஓடும் மின்சாரம் கிடையாது. மத்தளத்தில் ஓர் அடி விழும் கணத்தில் மட்டும் மின்சாரம் எகிறும், அடுத்த கணமே இறங்கிவிடும். 30 வாட்ஸ் என்பது அந்தக் கணத்துக்கான இருப்பு. 12 மணி நேரம் என்பது மிதமான சத்தத்தில் சராசரியாக ஆகும் செலவு. ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டு, சொன்ன நேரத்தில் பாதிகூட நிற்கவில்லையே என்று வருத்தப்படுவோம்.

காது சத்தத்தைக் கேட்கும் விதமும் வாட்ஸ் கணக்கைக் கவிழ்த்துவிடும். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 'இரண்டு மடங்கு சத்தமாக இருக்கிறது' என்று காதுக்குத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படியானால் 10 வாட்ஸ் ஸ்பீக்கருக்கும் 16 வாட்ஸ் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல். வால்யூம் பட்டனை ஓரிரு தடவை அழுத்தினால் வந்துவிடும் வித்தியாசம் அது. அதற்கும் மேலே, ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எழுப்பும் சத்தம் வேறு வேறு. திறமையான கோன் (முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்புத் தகடு) உள்ள 7 வாட்ஸ் பெட்டி, மந்தமான கோன் உள்ள 14 வாட்ஸ் பெட்டியை முந்திவிடலாம். இந்தத் திறனைச் சின்ன ஸ்பீக்கர்களின் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. போஸ் மாதிரியான கம்பெனிகள் பொதுவாக வாட்ஸ் கணக்கையே விளம்பரப்படுத்துவதில்லை. அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்களில் 'பிஎம்பிஓ' (கண நேர உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், நினைவிருக்கும். அதற்கு எந்தப் பொது வரையறையும் கிடையாது. பெயர் தெரியாத பிராண்டுகளில் இன்றும் அந்த எழுத்துகள் தென்பட்டால், பேசாமல் அடுத்த மாடலுக்குப் போய்விடுவது நல்லது.

சரி, அளவும் எடையும் ஏன் முக்கியம்?

1957-ல் அமெரிக்காவில் கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இன்றும் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலி ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் வர வேண்டும். இந்த மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதைக் கைவிட்டே ஆக வேண்டும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்குகிற நாம் கேட்பதோ மூன்றையும்தான். பேட்டரியும் சின்னது, பெட்டியும் சின்னது, ஆனால் அடி மட்டும் அதிர வேண்டும்.

காரணம் காற்று. தாழ்ந்த ஒலி எழ வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். 100 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 100 அதிர்வு) ஒரு அளவு சத்தம் தரும் கோன், 50 ஹெர்ட்ஸிலும் அதே சத்தம் தர வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். ஜேபிஎல் கோ 4-ல் இருப்பது 45 மில்லிமீட்டர் அகல கோன். முன்னும் பின்னும் அது எவ்வளவுதான் ஆடும்? ஃப்ளிப் 6-ல் 45-க்கு 80 என்ற நீள்வட்டக் கோன் இருக்கிறது. பரப்பில் முன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோ 4 எட்டும் தாழ்ந்த எல்லை 90 ஹெர்ட்ஸ் என்றும் ஃப்ளிப் 6-க்கு 63 ஹெர்ட்ஸ் என்றும் அதே கம்பெனி குறிப்பிடுகிறது. இந்த அலைவரிசை எண்ணை ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள் ஒப்பிடலாம். வேறு வேறு கம்பெனிகளுக்கு இடையில் ஒப்பிட்டால் அவ்வளவு பொருள் இருக்காது. சத்தம் எவ்வளவு குறையும் புள்ளியை 'எல்லை' என்று வைத்துக்கொள்வது என்பதில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. சில மலிவு மாடல்களில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பார்கள். அது மனிதக் காதின் எல்லை. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் எதுவும் 20 ஹெர்ட்ஸைக் காதில் விழும்படி தராது.

இந்தத் தடையைப் பொறியாளர்கள் இரண்டு வழிகளில் சமாளிக்கிறார்கள். இரண்டுமே அழகானவை.

முதலாவது, பேசிவ் ரேடியேட்டர். ஃப்ளிப் மாதிரி உருளை வடிவ ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் வட்டத் தட்டு ஒன்று தெரியும். பாட்டு ஓடும்போது அதில் விரல் நுனியை லேசாக வைத்தால் துடிப்பது தெரியும். அதற்கு ஒயர் கிடையாது, மின்சாரம் போவதில்லை. உள்ளே இருக்கும் கோன் பின்னோக்கித் தள்ளும் காற்று, வெளியே போக வழியில்லாமல் இந்தத் தட்டை ஆட்டுகிறது. வீணாகப் போக வேண்டிய காற்று பேஸாகத் திரும்பி வருகிறது. தட்டின் எடையைக் கூட்டிக் குறைத்து எந்த சுருதியில் அது நன்றாக ஆட வேண்டும் என்று பொருத்துகிறார்கள். 1930-களிலேயே ஆர்சிஏ கம்பெனியின் ஹாரி ஓல்சன் உருவாக்கிய யோசனை இது. சோனி எக்ஸ்பி100-ல் கோன் மேல்நோக்கியும் இந்தத் தட்டு அடியில் தரையைப் பார்த்தும் இருக்கும். அதை மெத்தைமேல் வைத்து ஒரு தடவையும் மரமேசைமேல் வைத்து ஒரு தடவையும் கேட்டுப் பாருங்கள். கடையில் கேட்டதும் வீட்டில் கேட்பதும் வேறாக இருப்பதற்கு இப்படி வைக்கும் இடமே பல நேரம் காரணம். சுவரோரமாகத் தள்ளினால் பேஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். மொட்டைமாடியில் சுற்றிலும் எதுவும் இல்லாமல் வைத்தால் அதே ஸ்பீக்கர் மெலிந்து ஒலிக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துகொண்டும் போகும்.

இரண்டாவது வழி நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. 65 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி அதிர்ந்தால், அதோடு 130, 195, 260 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். அந்த 65-ஐ மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கேட்கவைத்தாலும், இல்லாத அந்த அடிச் சுருதியை மூளை தானே நிரப்பிக் கேட்டுக்கொள்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு மத்திம ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65. உள்ளங்கை ஸ்பீக்கரில் சுருதி ஆப் போட்டுப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்த மந்தர ஷட்ஜத்தின் அடிப்படை ஒலி வந்து சேருவதே இல்லை. ஆனாலும் கேட்கிறது. பல ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் சிப், மேல் மடங்குகளைச் சற்றுத் தூக்கிக் கொடுத்து இந்த உணர்வை இன்னும் கூட்டுகிறது.

ஆனால் உணர்வுதான் கிடைக்கும், உடம்பில் அதிர்வு கிடைக்காது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் எந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் பளிச்சென்று வரும். இடது பக்கமான தொப்பியில் கும்கி வழுக்கிக்கொண்டு எழும்பும் இடத்தில்தான் ஸ்பீக்கரின் வண்டவாளம் தெரியும். நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின், பெண் குரல் எல்லாம் சின்னப் பெட்டிக்குச் சுலபமானவை. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த கச்சேரியை 200 கிராம் ஸ்பீக்கரில் கேட்டால் நாதஸ்வரம் முன்னால் நிற்கும், தவிலின் அடிப்பக்கம் மெலிந்து தட்டையாகிவிடும். சினிமாப் பாட்டில் பேஸ் கிடார் மிகத் தாழ்ந்த தந்தியில் தொடங்குவது 41 ஹெர்ட்ஸ். எனவே எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவை முடிவு செய்ய வேண்டும். செய்தி, பாட்காஸ்ட், பக்திப் பாட்டு, சமையலறையில் பின்னணிக்குப் பழைய பாட்டு என்றால் கோ அளவே போதும். குத்துப் பாட்டு அதிர வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்குக் கீழே தேடுவது வீண் அலைச்சல்.

இப்போது எடையைப் பார்ப்போம். கோ 4-ன் எடை 190 கிராம், 7 மணி நேரம் பாடும். சோனி எக்ஸ்பி100 274 கிராம், 16 மணி நேரம். ஜேபிஎல் கிளிப் 5 285 கிராம், 12 மணி நேரம். அல்டிமேட் இயர்ஸ் வொண்டர்பூம் 4-ன் எடை 420 கிராம், 14 மணி நேரம். ஃப்ளிப் 6 550 கிராம். போஸ் சவுண்ட்லிங்க் ஃப்ளெக்ஸும் அதே வாக்கில் அரைக் கிலோவைத் தாண்டிய எடை. ஸ்பீக்கரில் எடை எங்கிருந்து வருகிறது? கோனை ஆட்டும் காந்தம், பேட்டரி, அதிராமல் நிற்கும் கெட்டியான பெட்டி. மூன்றுமே ஒலிக்கும் உழைப்புக்கும் தேவையானவை. 200 கிராமுக்கும் குறைவான பெட்டியில் '20 வாட்ஸ், 24 மணி நேரம்' என்று ஒருவர் விற்றால், அந்த மின்சாரத்துக்கான பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் நேரில் கேட்டு வாங்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடையோ, டெமோ பீஸ் இருந்தால் உங்கள் போனை இணைத்துக் கேளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்துகிற பாட்டாகவே இருக்கும். நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டைப் போடுங்கள், போனில் ஈக்வலைசரை அணைத்துவிட்டு. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வைப்பதுதான் மிக முக்கியம். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். போனிலேயே சத்தம் அளக்கும் இலவச ஆப்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் போனை வைத்து இரண்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். பல நேரம் முதலில் பிடித்தது பிடிக்காமல் போகும்.

அப்புறம், வால்யூமைப் பாதியிலிருந்து மெல்ல முழுதுக்கு ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஒரு கட்டத்துக்கு மேல் பேஸ் காணாமல் போகும், கீச்சென்ற பகுதி மட்டும் உயரும். கோன் கிழிந்துவிடாமல் காப்பாற்ற உள்ளே இருக்கும் சிப் செய்யும் வேலை அது. தவறில்லை, ஆனால் அந்தப் புள்ளிதான் அந்த ஸ்பீக்கரின் உண்மையான உச்சம். அதற்கு மேல் உள்ள வால்யூம் கோடுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதேபோல மிகக் குறைந்த சத்தத்திலும் ஒரு தடவை கேளுங்கள். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெல்லிசாகப் பாட்டு வைத்துத் தூங்குகிறவர்களுக்கு, குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கர்தான் சரி. ஆண் குரலில் ஒரு செய்தி வாசிப்பையும் போட்டுப் பாருங்கள். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் பேஸ் இருப்பதாகக் காட்ட எங்கோ செயற்கையாக ஊதியிருக்கிறார்கள்.

ஸ்டீரியோவைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இந்த அளவில் பெரும்பாலானவை மோனோதான். இரண்டு வாங்கி இடம் வலமாக வைத்தால் நிஜமான ஸ்டீரியோ கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே கம்பெனியின் பொருளே ஆனாலும் பழைய மாடலும் புது மாடலும் சேராமல் போகலாம். ஸ்பீக்கர்களைத் தமக்குள் இணைக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு: ஜேபிஎல்லில் ஃப்ளிப் 4 'கனெக்ட் பிளஸ்', ஃப்ளிப் 5-ம் 6-ம் 'பார்ட்டிபூஸ்ட்', கோ 4-ம் கிளிப் 5-ம் 'ஆராகாஸ்ட்'. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்து, ஜோடிக்கு இன்னொன்று வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ப்ளூடூத் 5.0-ஆ 5.3-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆராகாஸ்ட் போன்ற புது வசதிகளை விட்டால், பாட்டு போவது அதே பழைய வழியில்தான். எண் ஏறுவதால் மட்டும் இசையின் தரம் ஏறாது. பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக்கும் அப்படியே. எல்டாக் என்ற கோடெக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை போகும், எஸ்பிசி வழக்கமாக 328-ல் நின்றுவிடும் என்பதெல்லாம் உண்மை. நல்ல ஹெட்போனில் அந்த வித்தியாசம் சிலருக்குப் புரியலாம். 45 மில்லிமீட்டர் கோனில் அதைத் தேடுவதில் பயனில்லை.

ஒலி தாமதம் மட்டும் சிலருக்கு முக்கியம். வீடியோ ஆப்கள் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும், உதடும் குரலும் பொருந்தும். போனில் கீபோர்டு ஆப் வாசித்துப் பழகுகிறவர்களுக்கும் வேகமான கேம் ஆடுகிறவர்களுக்கும் விரல் பட்டதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே இடைவெளி நன்றாகவே தெரியும். அவர்களுக்கு, ஒயரில் இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் ஜாக் உள்ள மாடல்தான் வழி. புது மாடல்களில் அது குறைந்துகொண்டே வருகிறது. மைக்கும் அப்படித்தான். ஃப்ளிப் 4-ல் ஆக்ஸும் மைக்கும் இருந்தன, ஃப்ளிப் 5-லிருந்து இரண்டும் இல்லை. ஆன்லைன் வகுப்புக்கோ அலுவலக மீட்டிங்குக்கோ வாங்குகிறவர்கள் மைக் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐபி67 என்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று எக்ஸ் போட்டிருந்தால் தூசிக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள். மணலில் வைக்கப் போகிறவர்களுக்கு அந்த எக்ஸ் முக்கியமான எழுத்து. ஐபிஎக்ஸ்5 என்பது பீய்ச்சும் தண்ணீருக்குத்தான், வாளிக்குள் விழுந்தால் உத்தரவாதம் கிடையாது. இந்தச் சோதனை எல்லாம் புது ஸ்பீக்கரில், நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. மெரினாவுக்கோ கோவளத்துக்கோ எடுத்துப்போனால் வீடு வந்ததும் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் ஓட்டை முழுதாகக் காய்ந்த பிறகே கேபிளைச் செருகுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் உள்ளே இருக்கும் உலோக முனைகள் அரித்துப்போகும். மூழ்கினாலும் தாங்குவது வேறு, மிதப்பது வேறு என்பதையும் ஏரி, ஆறு பக்கம் போகிறவர்கள் நினைவில் வைக்கலாம். வொண்டர்பூமும் போஸ் ஃப்ளெக்ஸும் மிதக்கும்.

சார்ஜ் ஓட்டை இப்போது பெரும்பாலும் டைப்-சி. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்பனைக்கு வரும் கையடக்க ஸ்பீக்கர்களுக்கு அது கட்டாயமானது. ஆனால் டைப்-சி என்று போட்டிருக்கும் சில மலிவு ஸ்பீக்கர்களில், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது. சார்ஜரிடம் 'மின்சாரம் கொடு' என்று சொல்லும் இரண்டு சின்ன ரெசிஸ்டரைச் சில பைசாவுக்காக விட்டிருப்பார்கள். பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் ஏறும். கடையிலேயே உங்கள் போன் சார்ஜரைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

பேட்டரிதான் இந்தப் பொருளின் ஆயுள். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழு சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். சூடு அதைவிடப் பெரிய எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். பேட்டரி போனால் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே சர்வீஸ் சென்டரில் கேட்பது நியாயமான கேள்வி. தண்ணீர் புகாதபடி பசைபோட்டு மூடிய பெட்டியைத் திறந்து மாற்றுவது எளிதில்லை, பல கம்பெனிகள் உத்தரவாதக் காலத்துக்குள் முழு ஸ்பீக்கரையே மாற்றித் தருகிறார்களே தவிர, அதற்குப் பிறகு கைவிரித்துவிடுகிறார்கள். 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் இத்தகைய பொருள்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. தண்ணீரில் பயன்படுத்தும் பொருள்களுக்குச் சில விதிவிலக்குகளும் அதில் உண்டு.

ஆகவே பணம் கொடுக்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எம்ஆர்பி, இறக்குமதி செய்தவரின் முகவரி இவற்றோடு தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய மாடல் இரண்டு வருடம் குடோனில் கிடந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே அதன் பேட்டரிக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். பக்கத்திலேயே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். பெட்டிமேல் இருக்கும் பிராண்டு அந்தப் பதிவில் இல்லையென்றால், பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.